சம்பந்தியின் தாத்தா பிறந்த ஊர்



சென்ற இரண்டு வாரங்களாக நாம் எஸ்றாவின் புத்தகத்தைத் தியானித்து வருகிறோம். அதன் இரண்டாம் அதிகாரத்தை நம்மில் அநேகர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அது வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைக்கிறோம். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் வம்சங்களும் தொகைகளும் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலின் நடுவே, தெல்மெலாக், தெல்அர்சா முதலிய இடங்களிலிருந்து வந்த 652 பேரைக் காண்கிறோம். தங்கள் தகப்பன்மாருடைய வீடு இன்னதென்று நிரூபிக்க அவர்களால் இயலவில்லை. இந்த வாரம் அவர்களைக் குறித்து எழுத உட்கார்ந்தபோது, என் குடும்பத்தில் நடந்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று ஏவப்பட்டேன். அதில் நான் செய்த தவறும் அடங்கியிருக்கிறது.

என் மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வசிப்பதை நீங்கள் அறிவீர்கள். மருமகள் அந்த மண்ணிலேயே பிறந்தவள். பேரன் பிறந்தபோது நானும் என் மனைவியும் அங்கே சென்று சில மாதங்கள் தங்கியிருந்தோம். மருமகளின் தகப்பனார், அதாவது என் சம்பந்தி, இருதய நோயினால் மெலிந்திருந்தார். ஒருநாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்: "பாஸ்டர், இவனுக்கு உங்கள் பக்கத்தில் ஐந்து தலைமுறை சொல்லிவிடுவீர்கள். என் பக்கத்தில் என் தாத்தாவுக்கு அப்பால் எனக்கே ஒன்றும் தெரியாது. அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று நான் சாவதற்கு முன் தெரிந்துகொள்ள முடியுமா?"

அவருடைய தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். சம்பந்தி சிறுவனாயிருந்தபோதே அவர் இறந்துபோனார். ஊரைப் பற்றி அவர் விட்டுச்சென்றது "போல்யானா" என்ற ஒரே சொல். என்ன மொழி பேசுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பொ நாஷோமு", அதாவது "எங்கள் பேச்சு", என்று மட்டும் சொல்வாராம். ஊரிலிருந்த தம்பிக்கு அவர் பணம் அனுப்பிவந்ததும், அந்தத் தம்பியின் பெயரும் சம்பந்திக்கு நினைவிருந்தன. கடிதங்கள் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் குடும்பத்தாரின் பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அது அவர்களுடைய விருப்பம்.

இந்தத் தேடல் ஏன் கடினமானது என்பதைச் சற்று விளக்குகிறேன். இன்று ஸ்லோவாக்கியா என்று நாம் அழைக்கும் நாடு 1993 ஜனவரி 1ஆம் தேதி தனி நாடாயிற்று. அதற்குமுன் அது செக்கோஸ்லோவாக்கியாவின் பாகம். 1918க்கு முன்போ, அந்நிலம் ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசுக்குள் அடங்கிய அங்கேரி இராஜ்யத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1880 முதல் 1914 வரை, அந்த மலைப்பகுதிகளிலிருந்து ஏழைக் குடியானவர்கள் திரள்திரளாய்ப் புறப்பட்டார்கள். பாகம் பிரிந்து பிரிந்து சுருங்கிப்போன நிலம் பிள்ளைகளுக்குப் போதவில்லை. சில வருஷங்கள் உழைத்துப் பணம் சேர்த்துத் திரும்பி வரலாம் என்ற எண்ணத்தோடு பென்சில்வேனியாவின் சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் போனவர்கள் அநேகர். ஆகவே ஒரே மனிதர் 1910ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கில் அங்கேரியில் பிறந்தவராகவும், 1920ஆம் ஆண்டின் கணக்கில் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவராகவும் எழுதப்பட்டிருப்பார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைகள்தான் மாறின.

பெயரும் அப்படியே. அங்கே மிஹால் என்று அழைக்கப்பட்டவன் இலத்தீன் ஏட்டில் மிக்காயேல், அங்கேரிய ஏட்டில் மிஹாய், சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் மைக். ஊர்களுக்கும் அங்கேரிய மொழியில் ஒரு பெயர், ஸ்லோவாக்கிய மொழியில் ஒரு பெயர். அந்த மலைகளில் வாழ்ந்தவர்களில் பலர் ருசின் என்ற இனத்தார். கிழக்கத்திய முறைப்படி வழிபட்டுக்கொண்டே ரோமாபுரியோடு ஐக்கியப்பட்டிருந்த கிரேக்கக் கத்தோலிக்கர். ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெற்றோரும் அப்பகுதியிலுள்ள மிகோவா என்ற கிராமத்திலிருந்து வந்து பிட்ஸ்பர்க் நகரில் குடியேறிய ருசின் மக்களே. "எங்கள் பேச்சு" என்று சம்பந்தியின் தாத்தா சொன்னது ருசின் மொழியைத்தான்.

நான் உற்சாகமாகத் தேடத் தொடங்கினேன். முதல் உலகப்போரின்போது, 1917 ஜூன் 5ஆம் தேதி, 21 முதல் 30 வயது வரையுள்ள ஆண்கள் அனைவரும் அமெரிக்காவில் பெயர் பதிந்தார்கள்; குடியுரிமை பெறாதவர்களும் பதிந்தார்கள். அந்த அட்டையில் பிறந்த ஊரைக் கேட்டிருந்தார்கள். தாத்தாவின் அட்டை கிடைத்தது. "போலானா, அங்கேரி" என்றிருந்தது. காட்டின் நடுவே உள்ள புல்வெளிக்கு அம்மொழிகளில் போல்யானா என்று பெயர். நம் நாட்டில் புதூர் என்ற பெயர் எத்தனை ஊர்களுக்கு உண்டோ, அதுபோலவே அங்கும்.

தேடலில் மாலா போல்யானா என்ற கிராமம் முதலில் அகப்பட்டது. மாலா என்றால் சிறிய. அங்கேரி இராஜ்யத்தில் பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதியத் தொடங்கியது 1895 அக்டோபர் மாதத்தில்தான். அதற்குமுன் பிறந்தவர்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுதான் ஆதாரம். அந்த ஏடுகள் இன்று ஸ்லோவாக்கியாவின் அரசு ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் படங்களைப் பேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மூன்று வாரங்கள் இரவில் கண்விழித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 1889ஆம் ஆண்டில் அதே பெயரும் அதே குடும்பப் பெயரும் உடைய ஓர் ஆண்குழந்தையின் ஞானஸ்நானம் கண்ணில் பட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஒரு காரியம் மட்டும் பொருந்தவில்லை. பென்சில்வேனியாவில் 1906 முதல் பதியப்பட்ட மரணச் சான்றிதழ்களில் இறந்தவருடைய பெற்றோரின் பெயர்களையும் கேட்டு எழுதியிருப்பார்கள். தாத்தாவின் சான்றிதழில் தாயின் பெயர் வேறாக இருந்தது. துக்கத்தில் இருந்தவர்கள் தவறாகச் சொல்லியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை சம்பந்தியின் வீட்டில், எல்லாரும் உணவு மேசையில் கூடியிருக்கையில், ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்தேன். அவர் கண்ணீர் விட்டார். மருமகள் மாலா போல்யானாவின் புகைப்படம் ஒன்றைச் சட்டமிட்டு அவருடைய படுக்கைக்கு எதிரே மாட்டினாள். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு, பணம் பெற்ற தம்பியின் ஞானஸ்நானத்தையும் கண்டு அனுப்பலாம் என்று மீண்டும் அந்த ஏடுகளைத் திறந்தேன். தம்பி எங்கும் இல்லை. ஞானஸ்நான ஏட்டை முடித்து, அடக்க ஏட்டைப் புரட்டினேன். 1891ஆம் ஆண்டின் பக்கத்தில் அதே பெயர், அதே பெற்றோர், அதே வீட்டு எண். வயது இரண்டு. நான் தாத்தா என்று சொல்லிக்கொடுத்த அந்தக் குழந்தை இரண்டு வயதில் மரித்து அடக்கம்பண்ணப்பட்டிருந்தது. கப்பல் ஏறினவர் வேறொருவர்.

அன்றிரவு நான் பட்ட போராட்டத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் நோயாளி. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு சமாதானமாக இருக்கிறார். இன்னும் எத்தனை மாதங்களோ. உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன நன்மை? அன்பு காரணமாகவே மௌனமாயிருப்பதாக எனக்கு நானே போதித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டது இவ்வளவுதான்: "நாளைக்குப் பேரன் வளர்ந்து உங்களிடம் கேட்டால் எந்த ஊரைச் சொல்வீர்கள்?"

மறுநாள் காணொலியில் சம்பந்தியை அழைத்து, நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். தாயின் பெயர் பொருந்தாதது முதலிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்; அதைச் சொல்வதுதான் மிகக் கடினமாயிருந்தது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "இரண்டு மாதமாக அவன் பெயரைச் சொல்லித்தான் தேவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு மேலாக அவனை யாராவது நினைத்திருப்பார்களா? படம் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் மறுபடியும் தேடுங்கள்" என்றார்.

இம்முறை நான் மெதுவாகத் தேடினேன். இரண்டு மூன்று சாட்சிகளுடைய வாக்கினாலே காரியம் நிலைவரப்படவேண்டும் என்ற பிரமாணத்தை எத்தனையோ முறை பிரசங்கித்தவன், அதை ஏடு பார்ப்பதற்குக் கைக்கொள்ளாமற்போனதே என் குற்றம். கப்பல் பயணிகளின் பட்டியலை முன்பே தேடியிருந்தேன், அகப்படவில்லை. காரணம் பின்னரே விளங்கியது. ஒரே ஓசையை அங்கேரியர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தும், ஸ்லோவாக்கியர் எழுத்தின்மேல் கொக்கியிட்டும், அமெரிக்கர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். அங்கேரிய முறைப்படி குடும்பப் பெயரை எழுதித் தேடியபோது, 1909ஆம் ஆண்டில் பிரெமன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் அவர் இருந்தார். 1907ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்வந்த பட்டியல்கள் இரண்டு பக்கங்களாக விரியும். சொந்த நாட்டிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும் இடப்பக்கத்தில் இருக்கும். பிறந்த ஊர் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும். உங்களில் எவரேனும் இப்படிப்பட்ட பட்டியலைப் பார்க்க நேர்ந்தால், வலப்பக்கத்தையும் பாராமல் மூடிவிடாதிருங்கள். இரு கட்டங்களிலும் ஒரே ஊர் இருந்தது: நாட்ஜ்போலானி.

நாட்ஜ் என்றால் அங்கேரிய மொழியில் பெரிய. ஸ்லோவாக்கிய மொழியில் அதுவே வெல்கா போல்யானா. நான் சிறிய போல்யானாவில் தேடியிருந்தேன். அவர் பிறந்ததோ பெரிய போல்யானாவில். அவ்வூருக்குரிய ஞானஸ்நான ஏட்டில் அவருடைய வரி இருந்தது. தகப்பனின் பெயர் கப்பல் பட்டியலோடு ஒத்தது. தாயின் பெயர் மரணச் சான்றிதழோடு ஒத்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே வீட்டு எண்ணில் ஒரு தம்பியும் பிறந்திருந்தான். சம்பந்தி நினைவில் வைத்திருந்த அதே பெயர். அடக்க ஏட்டையும் இம்முறை கடைசிவரை பார்த்தேன். அண்ணன் தம்பி இருவரும் அதில் இல்லை.

பின்பு வரைபடத்தில் அந்த ஊரைத் தேடினேன். ஸ்லோவாக்கியாவின் வடகிழக்கு மூலையில், போலந்தும் உக்ரைனும் அருகே இருக்கும் இடத்தில், வெறும் காடு தெரிந்தது. வீடுகள் இல்லை.

1980களில் ட்சிரோகா ஆற்றின் குறுக்கே ஸ்தாரினா என்ற நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். கோஷிட்சே, பிரெஷோவ் முதலிய நகரங்களுக்கு அங்கிருந்தே குடிநீர் போகிறது. அதற்காக டாரா, ஒஸ்த்ரோழ்னிட்சா, ருஸ்கே, ஸ்மோல்னீக், ஸ்தாரினா, வெல்கா போல்யானா, ஸ்வாலா என்ற ஏழு கிராமங்களின் மக்களையும் வெளியேற்றினார்கள். சில இடங்கள் தண்ணீருக்குள் போயின. மற்ற ஊர்களைத் தண்ணீர் தொடவில்லை. ஆனால் குடிநீர் மாசுபடாதிருக்கும்படி அவற்றையும் காலிசெய்து வீடுகளை இடித்துவிட்டார்கள். ஜனங்கள் ஸ்னினா போன்ற பட்டணங்களில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். இன்று அப்பகுதி போலோனினி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பீச் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கல்லறைத் தோட்டங்கள் மட்டும் இருக்கின்றன. அங்கிருந்து பெயர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்னும் அங்கே வந்து கல்லறைகளைச் சுத்தம்செய்து ஜெபித்துப் போகிறார்கள்.

இதையும் சம்பந்தியிடம் சொல்லவேண்டியிருந்தது. முதல்முறை தவறான ஊரைக் கொடுத்தேன். இரண்டாம் முறை இல்லாத ஊரைக் கொடுக்கிறேன் என்று எண்ணி வெட்கப்பட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்லறைகள் இருக்கின்றனவா?" என்றார். இருக்கின்றன என்றேன். "ஏட்டில் உள்ளதை வாசியுங்கள்" என்றார்.

நான் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தேன். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பிள்ளையின் பெயர், வீட்டு எண் 37, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் இருவர், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர். வீட்டு எண்ணை மறுபடியும் சொல்லச்சொல்லி, மகளிடம் எழுதிவைக்கச் சொன்னார். "அந்தக் குருவானவர் நன்றாக எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டார். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார் என்றேன், அது உண்மை.

மூன்று மாதங்களுக்குப் பிறகு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைத் தாளில் அவருடைய பெற்றோரின் பெயர்களுக்குக் கீழே தாத்தாவின் பெயரும், வெல்கா போல்யானா என்ற ஊர்ப்பெயரும் அச்சிடப்பட்டிருந்தன.

அன்பானவர்களே, அந்தக் குருவானவரை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர் யாரென்று நான் அறியேன். குளிர்ந்த மலைக்கிராமத்தில், ஏழைக் குடியானவன் ஒருவனுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, மையைத் தொட்டு, ஒரு கட்டத்தையும் விடாமல் எழுதினார். அந்த ஊரே இல்லாமற்போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் சோம்பலாக எழுதியிருந்தால், நோயுற்ற ஒரு பேரனுக்கு நான் கொடுத்த பொய்யான ஊரே நிலைத்திருக்கும். அவரும் ஊழியக்காரர், நானும் ஊழியக்காரன். அவருடைய ஏட்டை வைத்துக்கொண்டே நான் தவறினேன். அவருடைய ஏட்டைக் கொண்டே திருத்தப்பட்டேன்.

எஸ்றாவின் நாட்களில் பூர்வோத்தரம் காட்ட இயலாத அந்த 652 பேருக்கும் யாரும் இரக்கப்பட்டு ஒரு வம்சத்தைக் கற்பித்துக் கொடுக்கவில்லை. அவர்களைப் பாபிலோனில் விட்டுவரவும் இல்லை. இவர்களால் நிரூபிக்க முடியவில்லை என்ற உண்மையையும் எழுதி, அவர்களுடைய தொகையையும் எழுதி, தேவஜனத்தோடு சேர்த்து எண்ணினார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதியபடியே ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதை அந்த வேதபகுதி எனக்குக் கற்பித்தது. வியாதிப்படுக்கையின் அருகிலும் துக்கவீட்டிலும் நாம் சொல்லும் ஆறுதல்களில் எத்தனை நாம் நிச்சயமாய் அறிந்தவை, எத்தனை நம்மை நல்லவராகக் காட்டுவதற்காகச் சொல்லியவை என்று இந்த வாரம் சோதித்துப்பார்ப்போம். சொல்லிவிட்ட ஒன்றைத் திருத்தவேண்டியிருந்தால், அதற்கும் இன்னும் காலம் இருக்கிறது.

இந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை மேசையின்மேல் வைத்திருப்பேன். சமீப ஆண்டுகளில் நானே சில கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் வரிகளை வந்து பாருங்கள். தாத்தா பாட்டியின் ஊர் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லுங்கள், எழுதுகிறேன். தெரியாவிட்டால், வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பெயர்களை அறிந்திருக்கிற பிதாவே, நாங்கள் எழுதுகிறதிலும் பேசுகிறதிலும் உண்மையாயிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். இரண்டு வயதில் மரித்த அந்தப் பிள்ளையையும், கடல் கடந்து சென்று சுரங்கத்தில் உழைத்த அந்த மனிதரையும், ஊரை இழந்த ஏழு கிராமத்தாரையும் நீர் அறிவீர். எங்களையும் அவர்களோடு நினைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

அவருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்